பானைக்குள் பல்லி

நைனார்பாளையம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, எங்கள் தெருவை ஒட்டிய பூங்காவில் ஒரு சுவர் எழுப்பி, அதில் வரிசையாகப் பானைகளைப் பதித்து, ஒவ்வொரு பானைக்குள்ளும் ஸ்பீக்கர் வைத்துவிட்டுப் போனாள் சென்னையிலிருந்து வந்த எழில்மதி. ஒலிக் கலையாம். கல்வராயன் மலைக் காட்டில் உட்கார்ந்து பிடித்த சத்தம், விடிந்ததிலிருந்து இருட்டும்வரை திரும்பத் திரும்ப ஓடும். மயில் அகவும், அருவி இரையும், அப்புறம் பல்லி கத்தும்.

“எத்தினி நாளைக்கும்மா இது?” என்று கேட்டேன்.

“நிரந்தரம்ங்க” என்றாள், எனக்கு ஏதோ பட்டா எழுதித் தருகிற மாதிரி.

மத்தியானம் கண்ணயர முடிகிறதா? அருவிச் சத்தத்தை மழை என்று நினைத்து மொட்டைமாடிக்கு ஓடி வத்தலை அள்ளினேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது.

அருவியாவது போகட்டும், இந்தப் பல்லிதான் தெருவையே கெடுத்தது. பேசும்போது பல்லி சொன்னால் பேச்சு பலிக்கும் என்று நம்புகிற ஊர். பக்கத்து வீட்டு ராஜாம்பாள் அதில் எல்லாருக்கும் மேலே. மகள் ஜெயசுதாவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறாள். சின்னசேலத்துக்காரர்கள் வந்து, “பையனுக்குக் கெட்ட பழக்கம் எதுவும் இல்லீங்க” என்றார்கள். பானை கம்மென்று இருந்தது. ராஜாம்பாள் முகம் மாறிவிட்டது. அடுத்து வந்தவர்கள் செருப்பு மாட்டும்போதே, “இது சரிப்படாதோ?” என்று முணுமுணுத்தாள். டிக் டிக் டிக். பானை சொல்லிவிட்டது; அதோடு அதுவும் முடிந்தது.

“அது மிசினுடி!” என்றேன்.

“மிசின்ல புடிச்சாலும் பல்லி பல்லிதானக்கா. அது இன்னா பொய்யா சொல்லப் போவுது?”

“மலையில எவனோ பேசுனதுக்குச் சொன்னதுடி அது!”

கேட்டால்தானே.

அந்த இரண்டு சம்பந்தமும் போனதில் ஜெயசுதாவுக்கு வருத்தமில்லை. மூன்றாவதாக சிவசங்கர் வீட்டார் வருகிறார்கள் என்றதும்தான் பெண்ணுக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிற பையன். இரண்டு பேருக்கும் முன்னமே பேச்சு உண்டு. எனக்குத் தெரியாமல் இந்தத் தெருவில் யார் பேச முடியும்?

“பெரிம்மா, இதுவும் போச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்?” என்று என்னிடம் வந்து அழுதாள்.

“பானை கத்துறதுதான் நமக்கு மனப்பாடமாச்சே. அருவி அடங்குற வரைக்கும் பொறு. அப்புறம் வாயத் தொற.”

அவர்கள் வந்தார்கள். ராஜாம்பாள் வீட்டு ஜன்னலுக்கும் என் ஜன்னலுக்கும் நடுவே ஒரு சந்துதான். காற்றுக்காக நான் அங்கே நின்றேன். காபி கொடுத்தாயிற்று. மயில் அகவியது. அருவி இரைந்தது. ராஜாம்பாள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

“உனுக்கு இன்னாடி தோணுது?”

அருவி அடங்க ஆரம்பித்தது. ஜெயசுதா தலையை நிமிர்த்தினாள். “எனக்குப் புடிச்சிருக்கும்மா. நாங்க நல்லா இருப்போம்.”

கரண்டு போய்விட்டது.

ஃபேன் நின்றது. பானை நின்றது. நாளெல்லாம் என் உயிரை வாங்குகிற சனியன், வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டது! ராஜாம்பாள் முகம் சுருங்க ஆரம்பித்தது. பெண்ணின் கண் ஜன்னல் பக்கம் வந்து என்மேல் நின்றது.

எனக்கு வந்த எரிச்சலில் திரைக்குப் பின்னால் ஒதுங்கி, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி அடித்தேன். டிக் டிக் டிக்.

ராஜாம்பாள் துள்ளி எழுந்தாள். “கேட்டீங்களா? கரண்டே இல்ல, நெஜப் பல்லி!” அங்கேயே வெற்றிலைத் தட்டை மாற்றிக்கொண்டார்கள்.

சாயங்காலம் கை நிறைய இனிப்போடு வந்தாள். “அக்கா, உங்க செவுத்துல இருந்துதான் சொல்லிச்சு. கல்யாணம் முடியிற வரைக்கும் வெள்ளை கிள்ளை அடிச்சி அதை வெரட்டிடாதீங்க.”