டோவ்ரேயின் இரண்டு நாற்காலிகள்

ஐயோவா மாநிலத்து டோவ்ரே ஊரில், 1986ஆம் ஆண்டு முதல், கல்லூரிக் கூடைப்பந்து அணியின் பருவக் கடைசி ஆட்டம் முடிந்து முடிவுச் சங்கு ஒலிக்கும் அதே நொடியில் ஆர்டன் ஹால்வர்சன் அசைவற்றுப் போவார். ஆகஸ்டு இறுதியில், அமெரிக்கக் கால்பந்துப் பருவத்துக்காகக் கல்லூரியின் பேண்டுக் குழு முதல் முரசை அடிக்கும்போதுதான் மறுபடியும் கண் திறப்பார். இடைப்பட்ட ஐந்தரை மாதங்களில் அவர் உண்பதில்லை, பேசுவதில்லை. முகத்தில் ஒரு மயிர்கூட வளர்வதில்லை. நிமிடத்துக்கு ஒரு மூச்சு மட்டும் வந்து போகும். முதலாண்டில் அவரை மூன்று மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாவது மருத்துவர் கரடிகளிடம் இது வழக்கந்தான் என்று எழுதிக் கொடுத்தார். அதன்பின் அவரை எங்கும் கொண்டுபோகவில்லை. வீட்டு ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலியில் இருத்திவிட்டார்கள். அவர் கல்லூரியின் கொதிகலன் அறையில் வேலை பார்த்தவர். கோடையில் கொதிகலனுக்கும் வேலை இல்லை என்பதால், நிர்வாகம் அவர்மேல் குறை சொல்ல இடமிருக்கவில்லை. மகளுக்கு ஜூன் மாதத்தில் திருமணம் நடந்தபோது அவரை நாற்காலியோடு பிக்கப் வண்டியில் ஏற்றித் தேவாலயத்துக்குக் கொண்டுபோனார்கள். திருமணப் படங்களில் அவர் பிரசங்கத்தின்போது கண்ணயர்ந்த தகப்பனாராகவே தெரிகிறார். அப்படித் தெரிபவர்கள் அந்தப் படங்களில் இன்னும் இருவர் உண்டு.

விழித்த முதல் சனிக்கிழமை, லூத்தரன் தேவாலயத்தின் நிலவறைக் கூடத்தில் ஊரார் கூடி அப்பமும் பன்றி இறைச்சிப் பொரியலும் உண்பது வழக்கம். அங்கே ஆர்டன் எழுந்து நின்று, அவ்வாண்டு நாரைகள் (டோவ்ரே அணிக்கு அதுதான் பெயர்) கால்பந்தில் எத்தனை வெல்லும், கூடைப்பந்தில் எத்தனை வெல்லும் என்று சொல்வார். தடுப்பு வரிசை பலமா, புதிதாக வந்த உயரக்காரனுக்கு முழங்கால் தேறிவிட்டதா, பயிற்சியாளருக்கும் மனைவிக்கும் இன்னும் பேச்சுவார்த்தை உண்டா என்பவை எல்லாம் அந்தக் கணிப்பில் அடங்கும். முப்பத்தோர் ஆண்டுகளில் அவர் சொன்னது ஓர் ஆட்டத்துக்குமேல் பிசகியதில்லை. ஐந்தரை மாதம் உலகம் அறியாமல் கிடந்தவருக்கு இதெல்லாம் எப்படித் தெரிகிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் தெரியாமல் போய்விடும் என்ற அச்சம் இருந்தது.

அவர் மனைவி லவோன் பள்ளியில் முப்பத்து மூன்று ஆண்டுகள் கணக்கு கற்பித்தவள். ஊரார் அனைவருக்கும், அவளைவிட மூத்தவர்களுக்கும்கூட, அவள் டீச்சர். ஓர் ஆட்டத்தைக்கூட அவள் முழுமையாகப் பார்த்ததில்லை. இருபத்திரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுவதற்குக் கல்லூரி எதற்கு என்பது அவளுடைய கேள்வி. அவளும் ஆர்டனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஆனால் தூக்கத்தில் கழிந்த மாதங்கள் ஆர்டனின் வயதில் சேரவில்லை. ஆண்டுக்கு ஐந்தரை மாதம் வீதம் முப்பத்தோர் ஆண்டுக்குப் பதினான்கு ஆண்டுகளும் சில வாரங்களும் என்று லவோன் கணக்கிட்டு வைத்திருந்தாள். அவளுக்கு அறுபத்து நான்கு ஆனபோது அவருக்கு ஐம்பது. வெளியூர்க் கடைகளில், “உங்க தம்பிக்கும் இதே அளவு சட்டையா?” என்று கேட்டார்கள். அவள் திருத்தவில்லை. பிறர் பிழையைத் திருத்தாமல் அவள் விட்டது அந்த ஓரிடத்தில்தான்.

2017ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், மருத்துவர் ஸ்வோபோதா அவளுடைய வயிற்றுக்குள் இருந்ததைப் படத்தில் காட்டி, மருந்தால் தள்ளிப்போடலாம், ஆனால் ஒன்றரை ஆண்டைத் தாண்டாது என்றார். லவோன் அங்கேயே விரல்விட்டு எண்ணினாள். அடுத்த ஆண்டு ஆகஸ்டின் நடுப்பகுதி. பேண்டு முரசுக்கு இரு வாரங்கள் முன்னதாக. பதினெட்டு மாதங்களில் பதினொன்றை ஆர்டன் ஜன்னலோரம் கல்லாகக் கழித்துவிடுவார். கடைசி மாதமும் அந்தப் பதினொன்றுக்குள் அடக்கம். வீட்டுக்கு வந்து சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். நாரைகள் அப்போது தொடர்ந்து ஒன்பது ஆட்டங்களை வென்றிருந்தன. ஆர்டன் சீட்டியடித்துக்கொண்டு பாத்திரம் துலக்கினார். இந்த ஆட்டம் போகட்டும், அடுத்த ஆட்டம் போகட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். இருபத்தைந்தாம் தேதி, பருவத்தின் கடைசி ஆட்டத்தில், நாரைகள் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றன. “அந்த நடுவருக்குக் கண்ணு...” என்று தொடங்கிய ஆர்டன் வாய் திறந்தபடியே நின்றுபோனார். அந்த வாயை லவோன்தான் மூடிவிட்டாள்.

ஜூலை மாதத்தில் ஒரு நாள் பக்கத்து வீட்டு வெர்ன் கெட்டில்சன் அவளுடைய புல்வெளியை வெட்ட வந்தார். அறுபத்தாறு வயது, பன்றிப் பண்ணைக்காரர், இளமையில் நாரைகள் அணியில் கூடைப்பந்து ஆடியவர். லவோன் ஈரத்துணியால் ஆர்டனின் புருவத்தில் படிந்த தூசியைத் துடைத்துக்கொண்டே, விலை விசாரிப்பவளின் குரலில், வெர்னிடம் விஷயத்தைச் சொன்னாள். வெர்ன் தொப்பியைக் கழற்றினார், பிறகு மாட்டிக்கொண்டார்.

“அவனுக்குத் தெரியுமா டீச்சர்?”

“எப்படித் தெரியும்? நடுவரைத் திட்டிக்கிட்டே தூங்கிட்டாரு.”

“எழுப்பிடுவோம்.”

முதலில் வெர்ன் செய்தது, அந்த ஊரார் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தவறு. 1988ஆம் ஆண்டு இறுதி ஆட்டத்தின் ஒளிநாடாவைக் கொண்டுவந்து ஆர்டனின் எதிரே ஓடவிட்டார். டோவ்ரேயில் அந்த நாடா இல்லாத வீடு இல்லை. ஆர்டன் கண் திறந்தார்; ஒரு கணம் பார்த்தார். “கடைசி ரெண்டு நிமிஷத்துல நெல்சன் ஃபவுல் வாங்கி வெளியே போவான்,” என்று சொல்லிவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டார். முடிவு தெரிந்த ஆட்டத்துக்கு அவரை விழிப்பில் நிறுத்தும் வலுவில்லை.

“அப்போ முடிவு தெரியாத ஆட்டமா ஆடணும்,” என்றார் வெர்ன். “நாங்க பழைய ஆளுங்க ஆடறோம். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆஷ்பிக்காரனுங்களைக் கூப்பிடறேன். நம்மகிட்ட தோக்கறதுக்கு வாடான்னா வராம இருப்பானா?”

“உனக்கு ஷூ லேஸ் கட்டவே உன் பொண்டாட்டிதான் குனியறா, வெர்ன்.”

“அவ குனிஞ்சா போதும் டீச்சர். குதிக்கறதை நான் பார்த்துக்கறேன்.”

இருபதாம் தேதி மாலை நான்கு மணிக்குக் கல்லூரி உள்ளரங்கில் ஆட்டம் தொடங்கியது. ஆர்டனை நாற்காலியோடு கொண்டுவந்து புள்ளி குறிப்பவரின் மேசைக்கு அருகில் வைத்தார்கள். இரு ஊர்களும் நம்பக்கூடிய ஒரே ஆள் என்பதால் புள்ளிப் புத்தகத்தை லவோனிடம் கொடுத்தார்கள். நடுவர் பந்தை மேலே எறிந்ததும் ஆர்டன் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆடுகளத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

“நம்ம பசங்க ஏன் இவ்வளவு குண்டாயிட்டாங்க?”

“அது வெர்ன்.”

“ஏன் இப்படி வேகுது?”

“ஜூலை மாசம், ஆர்டன்.”

“ஜூலையா!” என்று அவர் கதவுப்பக்கம் திரும்பினார். வெளியே சோளம் ஆளுயரம் நின்றது. முப்பத்தோர் ஆண்டுகளாக அவர் அதைக் காயத் தொடங்கிய பிறகே கண்டிருந்தார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தார். வெட்டிக் குறைத்திருந்த தலைமுடியைப் பார்த்தார். லவோன் இரண்டாம் பாதி முடிவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஒரு புள்ளியையும் குறிக்கத் தவறாமல் சொன்னாள்.

“நான் முழிக்கறதுக்கு முன்னாடியேவா?”

“அடுத்த வருஷம் முரசுக்கு ரெண்டு வாரம் முன்னாடி.”

ஆர்டன் ஓடிக்கொண்டிருந்த ஆட்டக் கடிகாரத்தைப் பார்த்தார். “அப்படின்னா, இந்த ஆட்டம் முடியக் கூடாது,” என்றார்.

அவரை எழுப்புவது எப்படி என்று ஊரே யோசித்திருந்தது. ஆட்டம் என்றால் முடியும் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. நாற்பது நிமிடங்கள் நிறைந்தபோது இரு அணிகளும் அறுபத்தொரு புள்ளிகளில் சமமாக நின்றன. கூடைப்பந்தில் சமன் என்ற முடிவு கிடையாது. ஐந்து நிமிடம் கூடுதலாக ஆட வேண்டும். ஆடினார்கள், சமன். மறுபடியும் ஆடினார்கள், சமன். விட்டுக்கொடுத்து ஆடியதாக யாரும் சொல்லிவிட முடியாது. ஆஷ்பிக்காரர்கள் வெறியோடு ஆடினார்கள். ஒருவருக்குப் பல் போயிற்று. ஆயினும் ஒவ்வொரு கூடுதல் நேரத்தின் முடிவிலும் பந்து வளையத்தின் விளிம்பில் உருண்டு, உருண்டு, எந்தப் பக்கம் விழுந்தால் சமனாகுமோ அந்தப் பக்கமே விழுந்தது. ஆறாவது கூடுதல் நேரத்தில் பெண்கள் உருளைக்கிழங்கு சாலட்டும் இறைச்சி வைத்த ரொட்டியும் கொண்டுவந்தார்கள். எட்டாவதில் இருட்டத் தொடங்கியது. திறந்திருந்த கதவு வழியாக மின்மினிகள் அரங்குக்குள் வந்தன. “இதெல்லாம் இன்னும் இருக்கா?” என்று ஆர்டன் எழுந்து நின்றார். ஒன்று அவர் சட்டைக் கையில் அமர்ந்து இருமுறை எரிந்தது. லவோன் எழுதுவதை நிறுத்தி அதைப் பார்த்தாள். பிறகு ஆட்டத்தைப் பார்த்தாள். பந்து மேலே போகும்போதெல்லாம் தானும் நாற்காலியிலிருந்து எழுவதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

பதினோராவது கூடுதல் நேரத்தில் வெர்ன் கீழே விழுந்தார். உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. மருத்துவர் ஸ்வோபோதா வெளியேறச் சொன்னார். “எனக்குப் பதிலா இறங்க நீங்க ஷூ போட்டுட்டு வந்திருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டு வெர்ன் எழுந்து ஓடினார். மாற்றுவதற்கு ஆளில்லை. இரண்டு அணியிலும் நிற்க முடிந்தவர்கள் ஐந்து ஐந்து பேர்தான். அவர்கள் தன்னைப் பார்த்துப் பார்த்து ஆடுவதை லவோன் கண்டாள். யாரும் நிறுத்தப்போவதில்லை, ஒருவர் செத்து விழும்வரை ஆடுவார்கள், அதன்பின்னும் மற்றவர்கள் ஆடுவார்கள். சமனில் நின்ற ஆட்டத்தின் கடைசி நொடியில் பந்து வெர்னிடம் வந்தது. அவர் குதித்தார் என்று சொல்ல முடியாது; குதிகால் தரையை விட்டது, அவ்வளவுதான். சங்கு ஒலித்தது. பந்து வளையத்துக்குள் இறங்கியது.

இரு நடுவர்களும் கை உயர்த்தாமல் லவோனைப் பார்த்தார்கள். பந்து கையை விட்டபின் சங்கு ஒலித்ததா, சங்கு ஒலித்தபின் பந்து கையை விட்டதா என்பதைக் கண்டவள் அவள் ஒருத்திதான். சங்குக்குப் பிறகு என்று அவள் சொல்லியிருந்தால் அரங்கில் இருந்த நானூறு பேரும், ஆஷ்பிக்காரர்கள் உட்பட, நம்பியிருப்பார்கள், நம்புவதற்கென்றே காத்திருந்தார்கள். ஆர்டன் அவள் தோளில் கை வைத்தார். லவோன் பென்சிலைக் கூர் பார்த்துக்கொண்டாள்.

“சங்குக்கு முன்னாடியே கையை விட்டுடுச்சு,” என்றாள். “ரெண்டு புள்ளி. டோவ்ரே ஜெயிச்சாச்சு.”

“நல்ல ஷாட்,” என்றார் ஆர்டன். தோளில் இருந்த கை கனத்தது.

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்துவிட்டு ஆட்கள் போனார்கள். லவோன் மற்றொரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஓர் ஆட்டத்தைத் தொடக்கம் முதல் முடிவுவரை, முடிவு இன்னதாக இருக்க வேண்டும் என்ற வேட்கையோடு, வாழ்நாளில் முதன்முறையாக அன்றுதான் பார்த்திருந்தாள். மறுநாள் காலை வெர்னின் மனைவி உணவு கொண்டுவந்தபோது லவோனுக்கும் நிமிடத்துக்கு ஒரு மூச்சுதான் வந்துகொண்டிருந்தது. வந்தவள் இருவருடைய புருவத்தையும் துடைத்துவிட்டு, உணவைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

ஆகஸ்டு இறுதியில் பேண்டு முரசு ஒலித்தபோது நான்கு கண்களும் ஒன்றாகத் திறந்தன. மருத்துவர் ஸ்வோபோதா படம் எடுத்துப் பார்த்தார். வயிற்றுக்குள் இருந்தது ஜூலையில் நின்ற இடத்திலேயே நின்றது. அந்த இலையுதிர்காலமும் பனிக்காலமும் அவர்கள் இருவரும் விழித்திருந்தார்கள். ஆட்டம் ஒன்றும் விடாமல் சென்றார்கள். மார்ச் தொடக்கத்தில் நாரைகள் தோற்றபோது பக்கத்துப் பக்கத்து இருக்கையில் ஒன்றாக அசைவற்றுப் போனார்கள். இந்த ஆண்டு முரசுக்கு அவர்கள் எழுந்ததும் மருத்துவர் மறுபடியும் பார்த்து, விழித்திருக்கும் நாட்களாக எண்ணினால் ஆறரை மாதம் மிச்சம் என்றார். அது மார்ச் முதல் பாதியோடு முடிகிறது. வழக்கமான ஆட்டங்கள் பிப்ரவரியில் முடிந்துவிடும். மார்ச்சில் ஆடுவது தொடர்ந்து வெல்கிற அணி மட்டுமே. நாரைகள் சீக்கிரம் தோற்றால் அவள் கொஞ்ச நாட்களை மிச்சம் வைத்துக்கொண்டு கண் மூடலாம். அடுத்த இலையுதிர்காலத்தில் அந்த நாட்களுக்கு எழலாம். வென்றுகொண்டே போனால் அவை அரங்கிலேயே தீர்ந்துவிடும். இந்தக் கணக்கு ஊரில் எல்லாருக்கும் தெரியும். பாதிப் பேருக்குக் கணக்கு கற்பித்தவளே அவள்தானே.

ஆகவே இந்த ஆண்டு நிலவறைக் கூடத்தில் கணிப்புச் சொல்ல ஆர்டன் எழுந்து நின்றபோது, அப்பத்தை யாரும் மெல்லவில்லை. பயிற்சியாளர் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்டன் மனைவியைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார். லவோன் எழுந்தாள்.

“கால்பந்துல நாலு ஜெயிப்போம். அஞ்சாவது கஷ்டம், தடுப்பு வரிசை பலமில்லை.” அவள் தண்ணீர் குடித்தாள்.

“கூடைப்பந்து, டீச்சர்?” என்று வெர்ன் கேட்டார்.

“மார்ச் கடைசி வரைக்கும் ஆடணும். எனக்காக எவனாவது வேணும்னு பந்தைத் தவறவிடறதைப் பார்த்தேன்னா, படிச்சு முடிச்சவனா இருந்தாலும் ஃபெயில் போட்டுடுவேன்.”

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் கைதட்டினார்கள். ஆர்டன் மட்டும் மேசைக்கடியில் அவள் கையைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரமே வெர்ன் இரண்டாவது நாற்காலிக்கும் சக்கரம் பொருத்தினார். கல்லூரி அச்சிட்ட ஆட்ட அட்டவணையின் அடியில், வண்டி நிறுத்துமிடம் பற்றிய குறிப்புக்குக் கீழே, இந்த ஆண்டு ஒரு வரி கூடியிருக்கிறது: பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்ததும் கிழக்கு வாயிலில் இரண்டு நாற்காலிகள் செல்ல வழிவிட்டு நிற்கவும்.