ரபிகா தின்ற எலும்பு

எல்லாரும் நலமாக இருக்கிறீர்களா? முட்டிவலி தேவலையா, பிள்ளைகள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறார்களா? இங்கே இன்னும் குளிர் விடவில்லை. காற்று ஜன்னலைத் தட்டுகிறது, யாரோ வந்துவிட்ட மாதிரி. எட்டிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. இந்த மாதிரி நாட்களில்தான் எனக்கு ரபிகாவின் ஞாபகம் வரும். டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், சொல்கிறேன்.

ரபிகா எங்கள் கூட்டுப் பண்ணையில் மாடு கறந்துகொண்டிருந்தாள். ஐம்பத்து மூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. பண்ணையின் கடைசி வீடு அவளுடையது. அதற்கு அப்புறம் புல்வெளிதான், கண்ணுக்கு எட்டின மட்டும். அந்த வீட்டில் ஒரு கிண்ணம், ஒரு தலையணை, சுவரில் ஆணியில் தொங்கும் ஒரு சாட்டை. எட்டுப் புரியாகப் பின்னின பழைய தோல் சாட்டை.

"குதிரையே இல்லாதவளுக்குச் சாட்டை எதுக்குடி?" என்று பக்கத்து வீட்டு உல்மெகன் கேட்பாள்.

"நாய விரட்ட."

அவளிடம் நாயும் இல்லை. உல்மெகன் அதைச் சொல்லாமல் விட்டுவிடுவாள். அவ்வளவு வாய் பேசுகிறவளுக்கே அதைச் சொல்ல மனசு வரவில்லை.

அறுபத்து மூன்றாம் வருஷம் மே மாதம், பண்ணைத் தலைவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்றார்.

"ரபிகா அக்கா, அல்மாட்டியிலிருந்து சினிமாக்காரங்க வந்திருக்காங்க. பழைய காலத்து விருந்து ஒண்ணு எடுக்கணுமாம். எந்த எலும்ப யாருக்கு வைக்கிறதுன்னு முறை தெரிஞ்ச ஆள் வேணுமாம். உங்கள விட்டா யாரு இருக்கா?"

"டைரக்டர் யாரு?"

தலைவர் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "எசென்கெல்திதான். உங்கப்பா வீட்ல ஆடு மேய்ச்சாரே, அவரு."

ரபிகா வாளியைக் கீழே வைத்தாள். "வரேன்னு சொல்லு" என்றாள். அவர் போனதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். பெட்டியைத் திறந்து வெள்ளைத் துணியை எடுத்துத் தலையில் கட்டினாள்.

முப்பத்தாறு வருஷமாக அவள் மனசில் ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்க இப்போதுதான் நேரம் வந்திருக்கிறது.

அது என்ன கேள்வி என்று சொல்ல வேண்டுமானால், பின்னால் போக வேண்டும். ரபிகாவின் அப்பா ஆயிரம் ஆடு வைத்திருந்தவர். எசென்கெல்தி, சுருக்கமாக எசென், அவருடைய மேய்ப்பன், இருபது வயசு. அவள் பதினேழு. அவன் அவளை "நீங்க" என்பான், அவள் அவனை "டேய்" என்பாள். ஒரு நாள் அவன் எட்டுப் புரியாகச் சாட்டை பின்னிக்கொண்டு வந்து நீட்டினான். பக்கத்தில் அண்ணிமார்கள் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் அவளுக்கு நாக்கு நீண்டுவிட்டது.

"டேய் எசென், போய்க் கைய கழுவிட்டு வா. உன் பரிசுக்கு முன்னாடி ஆட்டு நாத்தம் வந்து நிக்குது!"

அண்ணிமார்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் சாட்டையைப் புல்லில் போட்டுவிட்டுப் போனான். எல்லாரும் உள்ளே போன பிறகு அவள் அதை எடுத்து மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்தாள். இது ஒருவருக்கும் தெரியாது.

அந்த இலையுதிர் காலத்தில் பெரிய இடத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். ஆடு அடித்து விருந்து. அடுப்பிலிருந்து கூடாரத்துக்குள் தட்டுகளைச் சுமந்து வந்தவன் எசென். பெண்கள் பக்கத்துத் தட்டை இறக்கி வைத்து, மெல்ல ஒரு திருப்புத் திருப்பினான். அவளுக்கு நேராக கேரி எலும்பு வந்து நின்றது.

ஆட்டின் முன்னங்காலில், முட்டிக்குக் கீழே, இரண்டு எலும்பு ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்குமே, அதுதான். கேரி என்றால் எங்கள் பேச்சில் கிழடு என்றும் அர்த்தம். அதைக் கல்யாணமாகாத பெண்ணுக்கு வைக்கமாட்டார்கள். தின்றால் பிறந்த வீட்டிலேயே உட்கார்ந்து கிழவியாகிவிடுவாள். தவறி வந்தாலும் சிரித்துக்கொண்டே பக்கத்துப் பெண்ணிடம் தள்ளிவிடுவதுதான் வழக்கம்.

ரபிகா தள்ளவில்லை. எலும்பைப் பார்த்தாள், வாசலில் நின்ற எசெனைப் பார்த்தாள். எடுத்துக் கடித்தாள். எலும்பு வெளுக்கும் வரை, ஒரு நார் மிச்சமில்லாமல் தின்று முடித்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா அப்போதே எழுந்துவிட்டாள். "இவளுக்கு ஒண்ணு முறை தெரியல, இல்ல பயம் தெரியல. ரெண்டும் நம்ம வீட்டுக்கு ஆகாது."

ரபிகா அந்த எலும்பை எப்படிப் புரிந்துகொண்டாள் தெரியுமா? 'போகாதீங்க, இந்த வீட்டிலேயே இருங்க, நான் வரேன்' என்று அவன் கெஞ்சுவதாகப் புரிந்துகொண்டாள். சரி என்ற பதிலைத்தான் தின்று காட்டினாள். மறுநாளிலிருந்து மூன்று நாள் கிணற்றடியில் நின்றாள். அவன் வரவில்லை. அடுத்த வருஷம் அரசாங்கம் மந்தையை எடுத்துக்கொண்டது, அப்பாவை எங்கேயோ அனுப்பியது, அவர் திரும்பவில்லை. அப்படிப்பட்டவரின் மகளைக் கட்ட எவன் வருவான்? எசெனுக்கு ஏதோ தடை, அதனால்தான் வர முடியவில்லை என்று அவள் வருஷக்கணக்காக நம்பிக்கொண்டிருந்தாள். என்ன தடை? அதுதான் கேள்வி.

சரி, படப்பிடிப்புக்கு வருவோம். ஆற்றங்கரையில் புதுக் கம்பளிக் கூடாரம் போட்டிருந்தார்கள். ரபிகா விடிந்ததிலிருந்து கறி வேகவைத்தாள். எசென் தடித்த கண்ணாடி போட்டிருந்தார், தொப்பை போட்டிருந்தார், கையில் ஒலிபெருக்கி.

"நல்லா இருக்கீங்களா?" என்றாள் ரபிகா.

"இருக்கேன் ரபிகா. நீ எப்படி இருக்கே?"

யார் யாரை நீங்க என்பது என்று பாருங்கள்! இரண்டு பேருக்கும் அது உறைத்தது. இரண்டு பேரும் கறிப்பானையைப் பார்த்தார்கள்.

பணக்காரன் மகளாக நடிக்க ஷோல்பான் என்று ஒரு பெண் வந்திருந்தாள். நகரத்துப் பெண், இருபது இருக்கும். "அண்ணே, ஒரு எலும்புக்கு இவ்வளவு அழணுமா?" என்று கேட்டாள்.

எசென் ஒலிபெருக்கியை எடுத்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. "அது எலும்பு இல்லம்மா, பழி! திமிர் பிடிச்சவ ஒரு ஏழைய நாலு பேர் முன்னாடி நாத்தம்னு சொன்னா. அவன் அவ வாழ்க்கையிலேயே கைய வச்சான். நீ வாழவே கூடாதுன்னு தட்டுல வச்சுச் சொன்னான். நீ கதறணும், எலும்ப நெருப்புல வீசணும். புரிஞ்சுதா?"

ரபிகா கரண்டியோடு அப்படியே நின்றாள். கறி கொதித்து வழிந்து அடுப்பில் சுர்ரென்றது.

அவர் பானைப் பக்கம் வந்தபோது கேட்டுவிட்டாள். "அன்னிக்கு அத பழிக்குத்தான் வச்சீங்களா?"

"வேற எதுக்கு?" அவர் கண்ணாடியைத் துடைத்தார். "இருபது வயசு, ரத்தம் கொதிச்சுது. அன்னிக்கே மாவட்டத் தலைநகருக்குக் கிளம்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல. ஆனா ஒண்ணு மட்டும் இன்னி வரைக்கும் புரியல. நீ தள்ளிவிடுவேன்னு நினைச்சேன். ஏன் சாப்பிட்டே?"

அவள் நுரையை வழித்துக் கீழே ஊற்றினாள்.

"பசிச்சுது" என்றாள்.

எசென் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "கேட்டீங்களாய்யா, பசிச்சுதாம்! நான் இத்தன வருஷமா மண்டைய உடைச்சுக்கிட்டு இருக்கேன்!" கேமராக்காரரும் சிரித்தார்.

தட்டில் கறி அடுக்கும் நேரம் ஷோல்பான் பக்கத்தில் வந்து குந்தினாள். "வாசனை தூக்குதும்மா!"

"கல்யாணம் ஆயிடுச்சா மகளே?"

"இல்லம்மா, குளிர் வர்றதுக்குள்ள. அவரு கனிமம் தேடுற வேலை, மலைல இருக்காரு." சொல்லும்போதே அவள் காது சிவந்தது.

ரபிகாவின் கை கேரி எலும்பின் மேல் இருந்தது. அதை எடுத்துத் தன் மடிக்குள் போட்டுக்கொண்டாள். அந்த இடத்தில் மேல்கை எலும்பை வைத்தாள். அது முட்டிக்கு மேலே இருக்கும் ஒற்றை எலும்பு, யார் வேண்டுமானாலும் தின்னலாம், ஒன்றும் ஆகாது. நடிப்புதான் என்றாலும், வாழப்போகிற பெண்ணின் முன்னால் அதை வைக்க அவளுக்குக் கை வரவில்லை. நகரத்து ஆட்களுக்கு எலும்பில் வித்தியாசம் தெரியாது. எசெனுக்குத் தெரியும். ஆனால் அவர் ஷோல்பானின் கண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார், தட்டைப் பார்க்கவில்லை. ஷோல்பான் கதறினாள், எலும்பை நெருப்பில் வீசினாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

முதல் பனி விழுந்தபோது படம் எங்கள் பண்ணை மன்றத்துக்கு வந்தது. உட்கார இடமில்லை. ரபிகா பின்வரிசையில், ஓரத்தில் இருந்தாள். நல்ல படம் என்றுதான் சொல்ல வேண்டும், பெண்களெல்லாம் முன்பாதியிலேயே மூக்கைச் சிந்தினார்கள். அந்த விருந்துக் காட்சி வந்தது. இசை எழும்பியது. திரை முழுக்கத் தட்டு, தட்டு முழுக்க எலும்பு. ஷோல்பான் "ஐயோ!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள்.

உல்மெகன் எழுந்து நின்றுவிட்டாள். "அடியே, அது மேல்கை எலும்புடி! எதுக்குடி அழறே? தின்னு, நல்லாயிருக்கும்!"

மன்றமே அதிர்ந்தது. அதற்கப்புறம் கதாநாயகன் பழி முடித்து மலைமேல் தனியாக நிற்கும்போதுகூட எவனோ "அண்ணே, சாப்பிட்டீங்களா?" என்று கத்தினான். எங்கள் பண்ணையில் மட்டும் இல்லை, புல்வெளி நெடுக எந்த ஊரில் திரையிட்டாலும் அந்த இடத்தில் சிரிப்புதான். எலும்பு தெரியாத டைரக்டர் என்று மேய்ப்பன் மகனுக்குப் பேராகிவிட்டது.

ரபிகா சிரிக்கவில்லை. விளக்கு போடுவதற்கு முன்பே வெளியே போய்விட்டாள்.

தை மாதம் அல்மாட்டியிலிருந்து கடிதம் வந்தது. ஒரே வரி. 'எலும்பை மாற்றிப் பழி தீர்த்துக்கொண்டீர்கள், திருப்திதானே?'

நீங்கள் என்று எழுதியிருந்தார். அன்றைக்கு அவர் கோபத்தில் வைத்த எலும்பை இவள் அன்பு என்று எடுத்துக்கொண்டாள். இன்றைக்கு இவள் அன்பாக வைத்த எலும்பை அவர் பழி என்று எடுத்துக்கொண்டார். ரபிகா பேனாவை எடுத்து, மேஜைக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். என்ன எழுதுவது? அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆக வேண்டும் என்றா? கிணற்றடியில் மூன்று நாள் நின்றேன் என்றா? அவளால் எழுத முடியவில்லை. அந்த வீட்டுப் பெண்களுக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை.

எழுந்து போய் ஆணியிலிருந்து சாட்டையை எடுத்தாள். எண்ணெய் தடவித் துடைத்தாள். துணியில் சுற்றித் தபாலில் அனுப்பிவிட்டாள். கூட ஒரு எழுத்துகூட வைக்கவில்லை.

"சாட்டை எங்கடி?" என்று உல்மெகன் கேட்டாள்.

"செஞ்சவங்க கேட்டாங்க, குடுத்துட்டேன்."

தன் கையால் பின்னின எட்டுப் புரியை எசென் அடையாளம் கண்டிருந்தால், அவள் அதை அத்தனை வருஷம் வைத்திருந்தாள் என்று புரிந்திருக்கும். காணாவிட்டால்? உனக்குச் சாட்டையடி என்று அனுப்பியதாகத்தான் நினைத்திருப்பார். பதில் வரவில்லை. ரபிகா அந்த ஆணியைப் பிடுங்காமல் விட்டிருந்தாள், கடைசி வரைக்கும். வாசலில் லாரிச் சத்தம் கேட்டால் மட்டும் தலைத்துணியைச் சரிசெய்துகொள்வாள்.

ஷோல்பானுக்குக் குளிர் வருவதற்குள்ளேயே கல்யாணம் ஆகியிருந்தது, பத்திரிகையில் படம் போட்டார்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது நடந்திருக்குமே? ஒருவர் ஒன்றை நினைத்துக் கொடுத்து, வாங்கினவர் வேறொன்றாக எடுத்துக்கொண்டு, வருஷங்கள் ஓடிப்போய். எழுதுங்கள். எசென் அந்தச் சாட்டையை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ, அதையும் எழுதுங்கள். எனக்கு இன்னும் தெரியவில்லை.