கோகர்ணத்து மணலில் ஒரு கைக்குட்டை

என் கணவர் பிரதாப்புக்கு உலகத்திலேயே பிடித்த வார்த்தை ‘கன்ஃபர்ம்’. கேஜிஎஃப் என்கிற கோலார் தங்கவயலில், ஒரு பெரிய தொழிற்சாலையின் பிளானிங் செக்‌ஷனில் இருந்தார். எந்த உதிரிபாகம் எந்த மெஷினுக்கு எந்த நாளில் போக வேண்டும் என்று முடிவு செய்கிற வேலை. அங்கே அது சரி, வீட்டிலும் அதே கதை என்றால் என்ன செய்வது? பக்கத்திலிருக்கும் ராபர்ட்சன்பேட்டையில் சினிமா பார்ப்பதென்றால்கூட முதல் நாளே போய், எந்தக் காட்சிக்குக் கூட்டம் குறைவு என்று விசாரித்து வருவார்.

கல்யாணமான புதிதில் கடல் பார்க்க வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். பேத்தமங்களா ஏரியைத் தாண்டிப் பெரிய தண்ணீரை நான் பார்த்ததில்லை. முதல் வருஷம் தங்க அறை கிடைக்கவில்லை, போகவில்லை. மறு வருஷம் அறை கிடைத்தது, ரயில் டிக்கெட் வெயிட்டிங் லிஸ்டிலேயே நின்றுவிட்டது. அதற்கடுத்த முறை இரண்டும் கிடைத்தன, அவருடைய லீவு கன்ஃபர்ம் ஆகவில்லை. அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று பிறந்த வீட்டில் சொல்வார்கள். அத்தனை வருஷம் நான் அதை அடக்கி வைத்திருந்த கதையைச் சொன்னால் அவர்களே நம்ப மாட்டார்கள்.

நான் அவருக்கு நேர்மாறு. தினமும் ஊரிகம் ஸ்டேஷனில் ஏறி பெங்களூருக்குப் போய், ஒரு துணிக் கம்பெனியில் கணக்குப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவள். எங்கள் ரயிலில் ரிசர்வேஷன் கிடையாது, கைக்குட்டைதான். ரயில் புறப்படுகிற மாரிக்குப்பத்திலேயே ஏறிவிடும் என் சிநேகிதி ஜெசிந்தா, எனக்காக ஜன்னலோரம் ஒரு கைக்குட்டையை விரித்து வைப்பாள். நான் ஊரிகத்தில் ஏறும்வரை அதன்மேல் யாரும் உட்கார மாட்டார்கள். குடித்துவிட்டு வருகிறவன்கூட அதைக் கண்டால் நின்றுகொண்டே வருவான். எங்கள் ரயிலில் அதுதான் சட்டம்.

தொண்ணூற்றொன்பதில் எங்கள் ஆபீஸைப் பெங்களூரின் மறுகோடியிலிருக்கும் பீன்யாவுக்கு மாற்றப்போவதாகச் சொன்னார்கள். ரயிலை விட்டு இறங்கி, பஸ் மாறி மாறி அங்கே தினமும் போய்வருவது நடக்காத காரியம். வருகிறாயா, வேலையை விடுகிறாயா என்று ஆயுதபூஜை விடுமுறை முடிந்ததும் சொல்லச் சொன்னார் மேனேஜர். வேலையை விட எனக்கு மனமில்லை. லேடீஸ் ஹாஸ்டலில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. ஆனால் ஹாஸ்டலுக்குப் போனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் புருஷன் பெண்டாட்டி. போகப்போக அதுவும் பழகிவிடும். அப்படிப் பழகிவிடுமோ என்பதுதான் என் பயம்.

பிரதாப்பின் தொழிற்சாலைக்குப் பெங்களூரிலும் ஒரு பிரிவு இருந்தது. மாற்றல் கேட்டால் கொடுப்பார்கள். முதலில் அங்கே குவார்ட்டர்ஸ் கன்ஃபர்ம் ஆகட்டும், அப்புறம் கேட்கலாம் என்றார் இவர். அது சட்டென்று நடக்கிற காரியமில்லை என்று இருவருக்குமே தெரியும்.

ஆயுதபூஜையும் விஜயதசமியும் அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமையோடு ஒட்டிக்கொண்டு வந்தன. கோகர்ணத்தைத் தாண்டி ஒரு கடற்கரையில், தென்னை மரங்களுக்கு நடுவே கூடாரம் போட்டு வாடகைக்கு விடுகிறார்கள் என்றும், படுத்துக்கொண்டே கடலைப் பார்க்கலாம் என்றும் ஜெசிந்தா சொல்லி, கூடாரத்துக்காரர் நாகேஷின் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்திருந்தாள். விடுமுறை நாளில் அங்கே கூட்டம் அலைமோதும், முன்கூட்டியே சொல்லி வைக்காமல் போகாதே என்றும் சேர்த்துத்தான் சொன்னாள். அந்தப் பாதியை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“புக்கிங்கும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் கோகர்ணம் போறேன். வர்றதா இருந்தா வாங்க, இல்லன்னா போங்க” என்றேன் பிரதாப்பிடம்.

சட்டையை மாட்டிக்கொண்டு ராபர்ட்சன்பேட்டைக்குக் கிளம்பினார். திரும்பி வந்தபோது கையில் ஒரு நீலத் தார்ப்பாயும் நைலான் கயிறும் இருந்தன. போகலாம் என்றார். மழை வந்தால் பெட்டியை மூடத் தார்ப்பாய் வாங்கி வந்த மனிதரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பெங்களூர் போய் அங்கிருந்து ராத்திரி பஸ் பிடித்தோம். காலையில் கோகர்ணத்தில் இறங்கி, குன்று ஏறி அந்தப் பக்கம் பார்த்தேன். கடல். அத்தனை தண்ணீர் ஒரே இடத்தில் இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. இவர் மட்டும் கடலை ஒரு பார்வை, கீழே வரிசையாக நின்ற கூடாரங்களை ஒரு பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே போனதும் பெட்டியோடு ஒரு மரத்தடியில் நின்றுவிட்டார். எப்போதும் விசாரிப்பதற்கென்றே பிறந்தவர், அன்று நகரவேயில்லை. கூடாரத்துக்காரர் நாகேஷைத் தேடி நானேதான் போனேன். ஒன்றும் காலியில்லை என்று தூரத்திலிருந்தே கையை விரித்தார் அவர்.

நான் அசருகிற ஆளா? இரண்டு தென்னைகளுக்கு நடுவே நல்ல இடம் ஒன்று வெறுமனே கிடந்தது. என் கைக்குட்டையை எடுத்து அங்கே மணலில் விரித்தேன், காற்றில் பறக்காமல் நான்கு மூலையிலும் கிளிஞ்சல் வைத்தேன். இனி யார் வரப்போகிறார்கள் என்ற தைரியத்தில் இவரையும் இழுத்துக்கொண்டு போய்க் கடலில் கால் நனைத்தேன். நிதானமாக டீயும் குடித்தோம்.

திரும்பி வந்தபோது அங்கே ஹூப்ளியிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஸ்டவ் பற்றவைத்து உப்பிட்டு, அதாவது உப்புமா, கிண்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்துவந்து, கைக்குட்டையை மணல் போக உதறி அழகாக மடித்து, கீழே விழுந்து கிடந்தது, உங்களுடையதா என்று கன்னடத்தில் அன்பாகக் கேட்டாள். கூடவே அந்தக் கிளிஞ்சல்களையும் கொடுத்தாள்.

எனக்கு எங்கள் ஊர் ரயிலைப் போலவே கன்னடம் தடதடவென்று ஓடும். ஆனால் அவளிடம் என்னவென்று சொல்வது? எங்கள் ரயிலில் இது செல்லும் அம்மா என்றா? வாங்கிக்கொண்டு நகர்ந்தேன். பின்னால் பிரதாப் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இத்தனை வருஷம் அடக்கியதெல்லாம் அந்த மணலில் கொட்டிவிட்டது. கூடாரம் இல்லாவிட்டால் போகட்டும், கடலும் போகட்டும், என்னோடு பெங்களூருக்கு வருவீர்களா மாட்டீர்களா, அதை மட்டும் இப்போதே சொல்லுங்கள் என்று கத்தினேன். சத்தம் கேட்டு நாகேஷே வந்துவிட்டார். எந்த ஊர் என்று விசாரித்தார். சொன்னேன். அவர் பிரதாப்பை மேலும் கீழும் பார்த்தார். கேஜிஎஃபிலிருந்து போன் செய்தது நீங்களா, சமையல்கட்டு ஓரத்தைக்கூடக் கொடுத்தாகிவிட்டது, வராதீர்கள் என்று அவ்வளவு சொன்னேனே என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று ராபர்ட்சன்பேட்டைக்குப் போனது எஸ்.டி.டி. பூத்துக்கு. தார்ப்பாய் வாங்கியதும் பெட்டியை மூட இல்லை.

“இடமில்லன்னு தெரிஞ்சா வந்தீங்க?”

“தெரிஞ்சிதான் வந்தேன்” என்றார். பார்வை மட்டும் கடலில் இருந்தது. “பெங்களூர்லயும் கேட்டுட்டேன் ஷைலு. குவார்ட்டர்ஸ் இப்போதிக்கு கெடையாது. எனக்கு பயமாத்தான் கீது. இடமில்லாத ஊர்ல ஒரு வாட்டி போய் இறங்கிப் பாத்துட்டா, அந்த பயம் போயிடும்னு நெனச்சேன்.”

“போச்சா?”

“பாதி போச்சி. மீதியோடயே வர்றேன். மாத்தல் எழுதிக் குடுத்துட்றேன்.”

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. திட்டம் போடாமல் வருவதற்குக்கூடத் திட்டம் போட்டுக்கொண்டு வந்த மனுஷன். அதைச் சொல்லி இடித்துக் காட்டினேன்.

“நீ மட்டும் இன்னா? தெனமும் கர்சீப்பு போட்டு வச்சிகினு போறவ. அது மட்டும் புக்கிங் இல்லியா?” என்றார்.

அவர் சொன்னதும் சரிதான். யோசித்துப் பார்த்தால், ஜெசிந்தா இல்லாமல் ஒரு நாளாவது நான் துணிந்து அந்த ரயிலில் ஏறியிருக்கிறேனா என்ன?

நாகேஷ் பெருமூச்சு விட்டுவிட்டு, தார்ப்பாய்தானே, கட்டிக்கொள்ளுங்கள் என்றார். ஹூப்ளி அம்மாள் ஸ்டவ்வைத் தள்ளி வைத்து, அந்த இரண்டு தென்னைகளில் ஒன்றை எங்களுக்கு விட்டுக்கொடுத்தாள். தட்டு நிறைய உப்பிட்டும் வந்தது. தார்ப்பாயின் ஒரு முனையை அந்த மரத்திலும் மறு முனையைச் சவுக்குக் கழியிலும் கட்டினோம். அது இரண்டு தடவை சரிந்து எங்கள் தலையில் விழுந்தது. மறுநாள் விடியும்போது, ஜெசிந்தா சொன்ன மாதிரியே, படுத்துக்கொண்டே கடலைப் பார்த்தேன். பக்கத்தில் பிரதாப் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

விடுமுறை முடிந்த காலை, லீவு சொல்லிவிட்டு அவரும் ஊரிகம் ஸ்டேஷனுக்கு வந்தார். வழக்கம்போல ஜெசிந்தா ஒரு கைக்குட்டைதான் போட்டிருந்தாள், எனக்கு. இவர் வருவது அவளுக்கு எப்படித் தெரியும்? ரயில் நிற்கும் முன்பே பிரதாப் என் கையிலிருந்த கைக்குட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, ஜன்னல் வழியே உள்ளே வீசினார். அது ஒரு பெரியவர் பேப்பர்மேல் போய் விழுந்தது. பெட்டியே சிரித்தது. பெரியவர் பேப்பரை மடித்துக்கொண்டு கொஞ்சம் நகர, இன்னும் இரண்டு பேர் நெருங்கி உட்கார, ஓர் ஆள் இடம் பிறந்தது.

பெங்களூருக்கே குடிபோகிற விஷயத்தைக் கேட்டதும் ஜெசிந்தா வேண்டுமென்றே முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, “வீடு கன்ஃபர்ம் ஆயிடிச்சா அண்ணா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா. இறங்கித்தான் தேடணும்” என்று சொல்லிவிட்டு, பிரதாப் அந்தக் கைக்குட்டையின் மேல் உட்கார்ந்தார்.