இரண்டு சுற்று மரை

தாராவி தொண்ணூறடி ரோட்டில் இருந்த பூலோகத்தின் சைக்கிள் கடைக்கு மாட்டுங்காவிலிருந்துகூட ஆள் வருவார்கள். சாதா சைக்கிளின் நட்டுப் போட்ட சக்கர அச்சான ஆக்ஸிலோ, கியர் சைக்கிளில் லிவரை மடக்கிக் கழற்றும் ஆக்ஸிலோ, கையில் வாங்கியதுமே அளவைச் சொல்லிவிடுவார். அந்தப் பேரைக் கேட்டுத்தான் மாட்டுங்காவில் குடியிருந்த வங்கி அதிகாரி அனந்த் வந்தார்.

பழசாக வாங்கிய அவருடைய உயர்ரக சைக்கிளில் முன்சக்கர ஆக்ஸில் வளைந்திருந்தது. முன்சக்கரத்தை இருபுறமும் பிடிக்கும் ஃபோர்க்கின் ஒரு காலில் நுழைந்து, சக்கரத்தை ஊடுருவி, மறுகாலுக்குள் திருகுபுரியாக ஓடும் மரையில் திருகி இறுகுகிற புதுவகை அது. மூன்று அளவும் பொருந்த வேண்டும்: தடிமன், நீளம், மரையின் இடைவெளி. பூலோகம் பழைய சாமான் டப்பாவிலிருந்து ஒன்றைத் தேடி எடுத்தார். தடிமன் பன்னிரண்டு மில்லி, சரி. நீளமும் சரி. மரையை ஒத்துப் பார்க்கும் தகடு டிராயரில் கிடந்தது. கடையில் இன்னும் நாலு பேர் காத்து நிற்க, அவர் அதை எடுக்க எழுந்து போகவில்லை.

ஆறேழு சுற்று உள்ளே போக வேண்டிய ஆக்ஸில் இரண்டு சுற்றிலேயே இறுகியது. உள்ளே துரு என்று நினைத்து ஓர் இறுக்கு இறுக்கினார்.

"கல்லு மாதிரி நிக்கி சார். தைரியமா ஓட்டுங்க."

ஒன்பதாம் நாள் காலை, செம்பூர்ப் பக்கம் மேம்பால இறக்கத்தில் முன்சக்கரம் தனியே கழன்று ஓடியது. அனந்தின் முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. விழுந்த இடத்தில் ஒரு பள்ளம் இருந்ததால் அதில் மோதித்தான் சக்கரம் கழன்றது என்று எல்லோரும் சொன்னார்கள். பூலோகமும் அதையே நம்பினார்.

இரண்டு மாதம் கழித்து அனந்தின் மனைவி ஷ்யாமளா டாக்ஸியின் மேலே சைக்கிளைக் கட்டி எடுத்து வந்தாள்.

"யாருக்காவது கொடுத்துடுங்கோ. ஆத்துல இதைப் பாக்க முடியலை. பள்ளத்தைப் பாக்காம விட்டேனேன்னு தினமும் தன்னையே திட்டிக்கறார்."

அவள் போனபின் பூலோகம் ஃபோர்க்கின் மரைத் துளைக்குள் விரலை விட்டுத் தடவி, வெளிச்சத்தில் பார்த்தார். வாயருகே இரண்டு மரை மழுங்கியிருந்தது. அதற்கு உள்ளே இருந்த மரையெல்லாம் எதுவும் தொடாமல் புதுசாய் மின்னியது. தகட்டை எடுத்து ஒத்துப் பார்த்தார். ஃபோர்க்கில் ஒன்றரை மில்லி இடைவெளி. சைக்கிளோடு திரும்பி வந்த, அவர் போட்ட ஆக்ஸிலில் ஒன்றேமுக்கால். அன்று இறுகியது துருவில் இல்லை. தப்பான மரை வாசலிலேயே சிக்கி நின்றிருக்கிறது.

விஷயத்தைக் கேட்டதும் பூலோகத்தின் மனைவி செண்பகவல்லி கதவைச் சாத்தினாள்.

"ஊரே பள்ளம்னு சொல்லுது. வாயத் தொறக்காதிய. நமக்கும் ரெண்டு பொட்டப்பிள்ளைய இருக்கு."

"செய்யாத தப்புக்கு அந்த மனுசன் தன்னையே ஏசிக்கிட்டு கெடக்காரு, வல்லி."

ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவுக்குப் போனார். கட்டிலருகே நின்று ஒன்று விடாமல் சொன்னார். அனந்த் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்த டிராயர் எவ்வளவு தூரத்துல இருந்தது?"

"ஆறடி சார்."

அனந்த் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வாசற்படியில் நின்ற ஷ்யாமளா கணவரிடம், "ஆஸ்பத்திரியில நானும் உங்களைத்தானே கேட்டேன், கண்ணு எங்கே போச்சுன்னு," என்றாள். பிறகு பூலோகத்திடம் திரும்பினாள்.

"இதைப் போலீஸ்லயும் சொல்லுவேளா?"

"சொல்லுதேம்மா."

மறுநாள் ஸ்டேஷனில் போய்ச் சொன்னார். அவர்மேல் வழக்குப் பதிவானது. பிறகு கடைக்கு ஆள் வருவது நின்றது. இப்போது வடாலாவில் ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றுகிறார். செண்பகவல்லி அவரோடு பேசுவதே குறைந்துவிட்டது. வாய்தா நாட்களில் கோர்ட் வராந்தாவில் ஷ்யாமளாவைப் பார்ப்பார். அவள் அவரைப் பார்ப்பதில்லை. ஒரே ஒரு முறை, எதிரே வந்துவிட்டபோது, "அவருக்கு அப்படியேதான் இருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.