வெங்காயம் பூண்டு சேர்க்காத லக்சா

"ஆறு மாசம் மட்டும் ஊட்ல இருங்க. அப்புறம் நம்ம ஆபீஸ்லயே உங்களுக்கு ஒரு கேபின் போட்டுறலாமுங்க."

"கேபினெல்லாம் வேண்டாங்க. ஒரு டேபிளு, பக்கத்துல ஒரு ஜன்னல். அது போதும்."

"ஜன்னல் எதுக்குங்க? வேடிக்கை பார்க்கவா?"

"ஷேடு பார்க்கங்க. ட்யூப்லைட்டுல எல்லாக் கறுப்பும் ஒரே கறுப்பாத்தானுங்க தெரியும்."

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் தரணீதரன் சிரித்துவிட்டான். நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் அவர்கள் தனியாகச் சந்தித்தது அந்த ஒரு முறைதான். உடுமலையில் ஒரு பேக்கரி. இரண்டு டீயும் ஆறி ஆடை கட்டியிருந்தன. கணியூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்த கீர்த்தனா, அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் இவனோடு வாழ்ந்துவிடலாம் என்று முடிவு செய்தாள். வெளிநாட்டுக் கடைகளுக்குத் துணி வாங்கி அனுப்பும் பையிங் ஆபீஸ் ஒன்றில் நான்கு வருஷம், சாம்பிளிலிருந்து கப்பல் ஏறும்வரை ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசராக இருந்தவள் அவள். துணியை விரலில் உரசிப் பார்த்தே எத்தனை கிராம் என்று சொல்லிவிடுவாள். பெண் பார்க்க வந்தவர்களில் அந்த வேலையைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்டவன் அவன் மட்டும்தான்.

அது நடந்து ஒன்பது வருஷம்.

ஆறு மாதம் முடிந்தபோது அவள் கர்ப்பமாக இருந்தாள். பிறகு குழந்தை. பிறகு மாமனார் படுக்கையில் விழுந்து, மூன்று வருஷம் கழித்துப் போய்ச் சேர்ந்தார். 'நான் ஆபீசுக்கு வரட்டுங்களா மாமா' என்ற ஒரு வரி எத்தனையோ முறை தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்கிறது. கேட்டால் சரியென்று சொல்லிவிடுவான் என்றுதான் முதலில் நினைத்தாள். அதனாலேயே கேட்கவில்லை. அவனாகவே நினைவு வைத்திருந்து ஒரு காலையில் 'கிளம்பு கீர்த்தி' என்று சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டாள். பிடித்த மனிதனிடம் எல்லாப் பெண்களும் வைக்கிற ஆசைதான். வருஷங்கள் போகப் போக, கேட்டால் மறுத்துவிடுவானோ என்ற பயம் வந்துவிட்டது. பிறகு அந்தப் பயத்தால் கேட்கவில்லை.

அவள் அடுப்படியிலிருந்து ஆபீசுக்காக வேலை செய்யத் தொடங்கியது லிம் மேடம் வந்த பிறகுதான்.

லிம் மேடம் பினாங்குக்காரர். மலேசியாவில் குழந்தைகள் துணிக்கடைகள் வைத்திருக்கும் ஒரு கம்பெனிக்காக ஆண்டுக்கு இரண்டு முறை திருப்பூர் வருவார். முதல் முறை வந்தபோது, "அவங்க ப்யூர் வெஜ், கீர்த்தி. ஹோட்டல் வேண்டாம், நம்மூட்லயே அவங்க ஊர்ச் சாப்பாடு போட்டா அசந்துருவாங்க" என்றான் தரணீதரன். கீர்த்தனா இரண்டு நாள் வீடியோக்கள் பார்த்து லக்சா வைத்தாள். தேங்காய்ப்பால் ஊற்றிய காரமான குழம்பில் அரிசி நூடுல்ஸ் மிதக்கும் அவர்கள் ஊர் உணவு அது. இறாலையும் மீனையும் எடுத்துவிட்டு, ருசி குறையக்கூடாதே என்று நாற்பது சின்ன வெங்காயமும் ஒரு கைப்பிடி பூண்டும் சேர்த்து அரைத்தாள். லிம் மேடம் ஒரு கரண்டி எடுத்தார். பிறகு வெறும் சோறும் தயிரும் சாப்பிட்டு, "மிக நன்றாக இருக்கிறது" என்றார்.

"அவங்களுக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு" என்று தரணீதரன் இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தான். மீந்துபோன கிண்ணத்தைப் பார்த்தவள் கீர்த்தனா மட்டுமே.

தேடிப் பார்த்தாள். அவர் புத்த மதத்து சைவம், வெங்காயம் பூண்டு ஆகாது என்று தெரிந்தது. அடுத்த முறை இரண்டையும் விட்டாள். வெங்காயமில்லாச் சமையலுக்கு நம் ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள்: கட்டிப் பெருங்காயத்தைப் பொரித்துத் தாராளமாகப் போட்டாள். லிம் மேடம் கிண்ணத்தை முகத்தருகே கொண்டுபோனார். அப்படியே கீழே வைத்துவிட்டார்.

தரணீதரன் போன் பேச வெளியே போன நேரத்தில், கீர்த்தனா ஒரு தாளையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தாள். "மேடம், இதை ஒரு சாம்பிள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ரிஜெக்ட் ஆகியிருக்கிறது. கமெண்ட்ஸ் எழுதித் தாருங்கள், அடுத்த முறை திருத்தி அனுப்புகிறேன்" என்றாள் ஆங்கிலத்தில்.

லிம் மேடம் முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். வரிசையாக எழுதித் தந்தார். கடைசி வரியில் பெருங்காயம் இருந்தது. அவர்கள் விலக்கும் ஐந்து வாசனைப் பொருள்களில் அதுவும் ஒன்றாம்.

"நீங்கள் மெர்ச்சண்டைசராக இருந்தவரா?"

"ஆமாம், மேடம்."

மூன்றாவது சாம்பிள் அப்ரூவ் ஆனது. அந்த வருஷமே ஆர்டர் மூன்று மடங்கானது.

இன்று லிம் மேடம் எட்டாவது முறையாக வருகிறார். காலை ஆறு மணிக்கே கீர்த்தனா மிளகாயை ஊறப்போட்டிருந்தாள். லக்சாவுக்கு வேண்டிய கிழங்குக்குப் பதில் நாட்டு மருந்துக்கடைச் சித்தரத்தை. அவர்கள் ஊர் எலுமிச்சை இலைக்குப் பதில் நாரத்தை இலை. வெங்காயம் தருகிற இனிப்பையும் கெட்டியையும் கொண்டுவரத்தான் அவள் அதிகம் திண்டாடினாள். முட்டைக்கோஸைப் பொடிப்பொடியாக நறுக்கிச் சின்னத் தீயில் முக்கால் மணி நேரம் வதக்கினால் அது பழுப்பாகி வெங்காயம் போலவே கரையும் என்று ஆறேழு முறை தோற்றபின் கண்டுபிடித்திருந்தாள். மீன் இல்லாத குறையைக் காய்ந்த காளான் ஊறிய தண்ணீர் ஈடுகட்டும். ரெண்டாங் என்கிற, சுண்டச் சுண்ட வதக்கும் கறிக்குப் பலாப்பிஞ்சு, கறுக வறுத்த தேங்காய், கொஞ்சம் தென்னங்கருப்பட்டி.

நூடுல்ஸுக்கு மாமியார் மயிலாத்தாள் இடியாப்பம் போலச் சந்தகை பிழிந்துகொண்டிருந்தார்.

"வெங்காயமில்ல, பூண்டில்ல, பெருங்காயமுமில்ல. இதுக்குப் பேசாமப் பத்தியச் சோறு ஆக்கிப் போட்டுறலாம் சாமி. அந்தம்மா புள்ளை பெத்துட்டா வருது?"

"அவங்களுக்கு அறுபது வயசாச்சுங்க அத்தை."

"அப்ப இன்னும் மோசம்."

கீர்த்தனா சிரித்துக்கொண்டே கரண்டியை நீட்டினாள். மாமியார் நக்கிப் பார்த்துவிட்டு, "கெரகம், நல்லாத்தான் இருக்குது" என்று முனகினார்.

பதினோரு மணிக்குப் பிரியங்கா வந்தாள். கம்பெனியின் புது மெர்ச்சண்டைசர். படிப்பு முடித்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. சாம்பிள்களை வரவேற்பறையில் அடுக்கிவைக்க வந்தவள், நேராக அடுப்படிக்கு வந்து, "வாசம் கேட் வரைக்கும் வருதுங்கக்கா" என்றாள்.

கீர்த்தனா கையைத் துடைத்துக்கொண்டு, துவைத்து மடித்து வைத்திருந்த ஒரு சின்ன டீஷர்ட்டை எடுத்து விரித்தாள். "நேத்து சார் ரெண்டு பீஸ் கொண்டாந்து சோபாவுல போட்டிருந்தாரு. ஒண்ணை நம்மூட்டு மெஷின்ல போட்டு எடுத்தேன். பாரு."

பக்கவாட்டில் இருக்க வேண்டிய தையல், முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்திருந்தது.

பிரியங்காவின் முகம் வெளுத்தது. "தொவைக்காமயே அளவெடுத்துட்டனுங்கக்கா. சாருக்குத் தெரிஞ்சா..."

"பயப்படாத கண்ணு. இந்த லாட்டைக் காட்டாத. போன வாரம் வந்த துணியில தெச்சது இருக்குமில்ல? அதுல பத்து பீஸை எடுத்தாரச் சொல்லு. சாயத்துக்காரங்ககிட்டச் சொல்லி இந்தத் துணியைத் திரும்ப மெஷின்ல ஓட்டி முறுக்கை எடுக்கச் சொல்லு. மணி பதினொண்ணுதான், நேரமிருக்குது."

பிரியங்கா வாசலுக்கு ஓடிப் போன் பேசினாள். கீர்த்தனா சற்று நேரம் அந்த டீஷர்ட்டைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு முட்டைக்கோஸ் அடிபிடிக்கும் வாசனை வரவே திரும்பிப் போனாள்.

பன்னிரண்டரைக்குத் தரணீதரன் லிம் மேடத்தை அழைத்து வந்தான். சாம்பிள்கள் பார்த்தாயிற்று. லிம் மேடம் ஒவ்வொன்றையும் இழுத்து, தையலைக் கீழ்வரை விரலால் ஓட்டிப் பார்த்துத் தலையசைத்தார். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். கீர்த்தனா பரிமாறினாள். சந்தகையின் மேல் குழம்பை ஊற்றி, முளைகட்டிய பயறும் பொரித்த டோஃபுவும் வைத்து, நாரத்தை இலையை நூலாக நறுக்கித் தூவினாள்.

லிம் மேடம் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். "என் அம்மா போன பிறகு இதை நான் இந்த வீட்டில் மட்டும்தான் சாப்பிடுகிறேன்" என்றார்.

தரணீதரன் பெருமையோடு மனைவியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் பொய் இல்லை. பண்டிகைக்குப் புடவை எடுக்க மறக்காதவன். அவளுக்குக் காய்ச்சல் என்றால் இரவெல்லாம் விழித்திருப்பவன். ஊர் முழுக்க, "என்ற ஒய்ஃபோட கைதான் எங்க மார்க்கெட்டிங்" என்று சொல்லித் திரிபவன். அவனைக் குறை சொன்னால் அவள் அம்மாவே நம்பமாட்டார்.

"துணி இந்த முறை சுத்தமாக இருக்கிறது" என்றார் லிம் மேடம்.

"அதற்குப் பிரியங்காதான் காரணம் மேடம்" என்றான் அவன். "ஒரு லாட்டில் தையல் முறுக்குவதைத் துவைத்துப் பார்த்துக் கண்டுபிடித்து, காலையிலேயே ஆபீசுக்குப் போன் செய்து மாற்ற வைத்துவிட்டாள். வெரி ஷார்ப்."

பிரியங்கா ஸ்பூனைக் கீழே வைத்தாள். "சார், அது அக்காதானுங்க..."

"அக்கா ரெண்டாங் எடுத்துட்டு வருவாங்க, இரும்மா. கீர்த்தி, மேடத்துக்கு அந்தப் பலாக்காயை வையி."

கீர்த்தனா வைத்தாள். பிரியங்கா தட்டைப் பார்த்தபடி இருந்தாள். சாப்பாட்டை அவளால் அதற்குமேல் தொட முடியவில்லை.

லிம் மேடம் பிரியங்காவையும் கீர்த்தனாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "தரணி, உங்களிடம் ஒரு உதவி வேண்டும். அடுத்த மாதம் நாங்கள் இங்கே சொந்தமாக ஓர் அலுவலகம் திறக்கிறோம். எங்களுக்குத் தைக்கிற பதினோரு கம்பெனித் துணியையும் அங்கேயே பரிசோதிக்க வேண்டும். ஆறு பேரை நேர்காணல் செய்தேன். எல்லோரும் எனக்குப் பிடித்ததையே சொல்கிறார்கள். குறையைக் குறை என்று சொல்கிற ஒருவர் வேண்டும்" என்றார்.

"கவலையை விடுங்கள் மேடம், நான் ஆள் பார்த்துத் தருகிறேன்."

லிம் மேடம் அவனிடம் நன்றி சொல்லிவிட்டு, நிமிர்ந்து கீர்த்தனாவைப் பார்த்தார். "நீங்கள் முன்பு வேலை பார்த்தவர்தானே? மறுபடி போக நினைத்ததே இல்லையா?"

அவள் வாய் திறப்பதற்குள் தரணீதரன் சிரித்தான். பேக்கரியில் சிரித்த அதே சிரிப்பு.

"அவளா மேடம்? நானும் எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன், ஆபீசுக்கு வா என்று. அவளுக்கு அதிலெல்லாம் ஆர்வம் போய்விட்டது. சமையல்தான் உயிர்."

கீர்த்தனா அவன் முகத்தையே பார்த்தாள். ஏதாவது தடுமாற்றம், ஒரு சின்ன வெட்கம் தெரியுமா என்று தேடினாள். எதுவும் இல்லை. அவன் பொய் சொல்லவில்லை. எத்தனையோ முறை கூப்பிட்டதாகவும் அவள் மறுத்ததாகவும் எப்போதோ அவனே நினைத்துக்கொண்டு, அதை உண்மையாகவே நம்பிவிட்டிருந்தான். அவனுக்கு ஞாபகம் வரும் என்று அவள் காத்திருந்த ஒன்பது வருஷத்தில், அவனுக்கு வேறொரு ஞாபகம் வளர்ந்திருந்தது. மறந்திருந்தால்கூட நினைவுபடுத்தியிருக்கலாம்.

"அதனால்தான் அவளுக்கு ஒரு சர்ப்ரைஸ் வைத்திருக்கிறேன்" என்று அவன் தொடர்ந்தான். "மாடியில் தனியாக ஒரு கிச்சன் கட்டப் போகிறோம். துணி வாங்க வருகிற பையர்களுக்கென்றே. பிளான்கூட ரெடி. இனிமேல் கொரியாக்காரர் வந்தாலும் வியட்நாம்காரர் வந்தாலும் எல்லாம் அவள் பொறுப்பு." பிறகு அம்மாவுக்காகத் தமிழில், "மேல பெரிய சமையல்கட்டு கட்டறமுங்கம்மா, கீர்த்திக்கு" என்றான்.

"நல்லதாப் போச்சு" என்றார் மயிலாத்தாள். "இனி இந்தப் பெருங்காயப் பஞ்சாயத்தெல்லாம் மேல வெச்சுக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். தரணீதரன் அவள் முகத்தில் சந்தோஷத்தை எதிர்பார்த்துத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தான். லிம் மேடம் மட்டும் சிரிக்கவில்லை. கேள்வியைக் கேட்டவர் அவர். பதில் சொல்ல வேண்டியவளிடமிருந்து பதில் இன்னும் வரவில்லை என்பது போல ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

கீர்த்தனா ரெண்டாங் பாத்திரத்தை மேசையில் வைத்தாள். பிரியங்காவுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். விருந்தாளி சாப்பிட்டு முடிப்பதற்கு முன் அவள் அந்த மேசையில் உட்கார்ந்தது இதுதான் முதல் முறை.

"என்ன கீர்த்தி?" என்றான் தரணீதரன் மெதுவாக.

ஒன்பது வருஷமாக அவனுக்கென்று அவள் வைத்திருந்த வரி, கொஞ்சலாக, 'மாமா' என்று முடிகிற ஒன்று. இப்போது அது வேறு மொழியில், அவனைப் பார்க்காமல் வெளியே வந்தது.

"அந்த வேலையை எனக்குக் கொடுங்கள், மேடம். எங்கள் கம்பெனித் துணியையும் துவைத்துப் பார்த்துத்தான் உங்களுக்குச் சொல்வேன்."