மஞ்சளா, கறுப்பா

“கல்யாணப் படத்தக் கொண்டுபோய் கறுப்புல சொருகச் சொல்றியே மொழி, உனக்கே நல்லாருக்கா?”

“அது வெறும் பிளாஸ்டிக் கலருங்க.”

“கஸ்டமர் கேட்டா?”

“எந்தக் கஸ்டமர் வந்து பெட்டியத் திறந்து பாக்கப் போறான்?”

எட்டு வருடத்துக்கு முந்தைய பேச்சு. குடவாசல் வீட்டின் பக்கத்து அறையில் ஸ்டூடியோ ஆரம்பித்த வாரம் அது. செம்மொழியின் கணவன் இனியவன் இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கி வந்திருந்தான். ஒன்றில் எழுதுவதை மற்றதும் அப்படியே எழுதிக்கொள்ளும் ரெய்டு ஏற்பாடு. ஒன்று கெட்டாலும் இன்னொன்று நிற்கும். அதைப் பார்த்துக்கொள்ள மதர்போர்டிலேயே இரண்டு கன்ட்ரோலர்கள் இருந்தன. கேபிள் சொருகும் கறுப்புத் துளைகள் போர்டின் மூலச் சிப்செட்டுக்கு உரியவை. மஞ்சள் துளைகள் இரண்டும் கூடுதலாக ஒட்டிய குட்டிச் சிப் ஒன்றுக்கு.

செம்மொழி பி.சி.ஏ. படித்தவள். “நாளைக்கு போர்டு செத்துப்போச்சுன்னா, கறுப்புல இருந்த டிஸ்க்க இதே குடும்பத்துப் போர்டு எதுல மாட்டினாலும் படிச்சிடும். மஞ்சள்ல போட்டா அந்தக் குட்டிச் சிப்பேதான் வேணும். அதுக்கு எங்கங்க போறது?”

அவன் மஞ்சளில்தான் சொருகினான். அப்பா பகுத்தறிவுப் பெயர் வைத்திருந்தும், எலுமிச்சம்பழம் சுற்றாமல் கேமரா பையைத் தூக்காதவன். “உங்க இஷ்டம்” என்று எழுந்து போனாள். பிறகு இருவரும் அதைப் பேசியதில்லை.

இப்போது அவள் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. கூடத்தில், கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டிக்குள் இனியவன் இருந்தான். நேற்றுக் காலை குத்தாலத்தில் ஒரு முகூர்த்தம். தாலி கட்டி முடித்த படங்களை எடுத்துவிட்டு, தண்ணீர் குடிக்க மண்டபப் படியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். அதற்குள் அஞ்சலி பேனருக்கு ஒரு படம் வேண்டும். ஆயிரம் கல்யாணம் எடுத்தவனுக்குப் படம் இல்லை. ஆதார் அட்டையில் யாரோ போல இருந்தான். அவள் செல்லில் ஹெல்மெட்டோடு ஒன்று, முதுகைக் காட்டிக்கொண்டு ஒன்று. அவன் முகம் எங்காவது இருந்தால் இந்தக் கம்ப்யூட்டரில்தான் இருக்க வேண்டும். போன வியாழக்கிழமை விழுந்த இடியில் அது செத்திருந்தது. “குத்தாலம் முடிஞ்சதும் பாத்துக்கலாம்” என்றிருந்தான்.

வாசலில் ஒருத்தி சொல்வது கேட்டது. “புருசன கூடத்துல போட்டுட்டு, இவ என்னடி பொட்டியப் பிரிச்சிக்கிட்டு உக்காந்திருக்கா?”

“எம் மவன் மொகத்தத் தேடறா. நீ போயி காப்பி குடி” என்றாள் இனியவனின் அம்மா தங்கம்மாள். இரவெல்லாம் அழுத குரல் கம்மியிருந்தது.

செம்மொழி கடைசித் திருகைக் கழற்றினாள். மஞ்சளாக இருந்தால் முடிந்தது. அந்தக் குட்டிச் சிப்பைத் தேடி ஊர் ஊராக அலைவதற்குள் எல்லாம் ஆறியிருக்கும். பக்கவாட்டுத் தகட்டை எடுத்தாள். தூசி. ஒரு பல்லி முட்டை ஓடு. செல்லை எடுத்து வெளிச்சம் அடித்தாள்.

மஞ்சள் துளைகள் இரண்டும் காலியாக இருந்தன.

கேபிள்கள் கறுப்பில் சொருகியிருந்தன. இரண்டையும் சேர்த்து, தலைப்பக்கம், மஞ்சள் தடவிய நூலால் மூன்று முடிச்சுப் போட்டிருந்தது. நூலைத் தொட்டாள். விரலில் லேசாக மஞ்சள் ஒட்டியது.

அவள் போன் போட்டதும், அதே குடும்பத்து வேறு போர்டை எடுத்துக்கொண்டு ஹபீப் முகம்மது வந்தான். கடைத்தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேரும் பேனர் அச்சும் அவனுடையதுதான். கூடவே அப்துல் அஜீஸ். பதினோரு வருடமாக இனியவனோடு வீடியோ எடுத்தவர். நேற்று மண்டபத்தில் மாட்டிய கேமரா பை இன்னும் அவர் தோளில் இருந்தது.

“எப்ப மாத்தினாரு?” என்றாள் செம்மொழி.

ஹபீப் நூலைப் பார்த்தான். “ரெண்டு வருசம் இருக்கும் அக்கா. முத்துப்பேட்டையில ஒரு ஸ்டூடியோவுல போர்டு போயி, மொத்த ஆல்பமும் மாட்டிக்கிச்சு. அதப் பாத்துட்டு ஓடியாந்தாரு. எல்லாத்தையும் வெளிய காப்பி எடுத்து, கறுப்புல புதுசா ரெய்டு போட்டு, திரும்ப ஏத்த மூணு நாளாச்சு. நீங்க அப்ப உங்க அம்மா வீட்டுக்குப் போயிருந்தீங்க.”

“எங்கிட்ட சொல்லல.”

“சொல்லாதன்னாரு. அவ சொன்னதுதான் சரின்னு தெரிஞ்சா கடையவே எடுத்துக்குவாடான்னாரு.”

அவள் உதடு சிரிப்பதற்குப் போய்ப் பாதியில் நின்றது.

ஹபீப் போர்டை மாற்றினான். ரெய்டை இயக்கினான். கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடி நின்றன. இரண்டு டிஸ்க்குகளும் ஒரு ஜோடியாகத் தெரிந்தன. இரண்டுக்கும் நேரே ‘நார்மல்’ என்று இருந்தது.

ஊர் பெயரில், தேதி பெயரில் ஃபோல்டர்கள். நூறு மாப்பிள்ளைகள், நூறு மணப்பெண்கள். அவன் இல்லை. எப்படி இருப்பான்?

“அதத் திறங்க” என்றார் அஜீஸ், திரையின் அடியைக் காட்டி. ‘லைட் டெஸ்ட்’ என்று இருந்தது.

திறந்ததும் இனியவன் வந்தான். ஒரு படம் அல்ல, திரை நிறைய. கல்யாண மேடையில், ஜோடி நாற்காலிகளில் மாப்பிள்ளை நாற்காலியில், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு. பூ அலங்காரம் மாறியது, ஊர் மாறியது. வருடம் போகப் போகக் காதோரம் நரைத்தது. எல்லாவற்றிலும் பக்கத்து நாற்காலி காலி.

“பொண்ணு மாப்ள வர்றதுக்கு முன்னாடி லைட் பாக்கணும்ல. அவர உக்கார வச்சு நான்தான் அமுக்குவேன்” என்றார் அஜீஸ். “அழிச்சிடவான்னா வேணாம்பாரு. பக்கத்து நாற்காலில மட்டும் பைய வைக்க விட மாட்டாரு. ஏன் தம்பின்னா, ஆள் வருது பாய்ம்பாரு.”

செம்மொழி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்களுடையது ரிஜிஸ்தர் கல்யாணம். படிவத்தில் தனித்தனியாக ஒட்டிய இரண்டு பாஸ்போர்ட் படங்கள்தான் கல்யாணப் படம். முதல் வருடம் ஒருமுறை கேட்கப் போனாள். “ஏங்க, நாம ரெண்டு பேரும்...” என்று ஆரம்பித்தபோது போன் வந்தது, யாருக்கோ முகூர்த்தம். அதன்பின் எத்தனையோ தடவை வாய்வரை வந்திருக்கிறது. கல்யாணம் எடுத்துவிட்டுக் களைத்து வருகிறவனிடம் இன்னொரு படமா என்று விழுங்கிவிடுவாள்.

“இது நல்லாருக்கு அக்கா, சிரிச்ச மொகம்” என்றான் ஹபீப். பிறகு மெதுவாக, “பக்கத்து நாற்காலிய வெட்டிடவா?”

“ம். பேனருக்கு வெட்டிக்கங்க” என்று எழுந்தாள்.

கூடத்தில் ஊதுபத்திப் புகை. வெளியே பறை சத்தம் நெருங்கி வந்தது. பெட்டியின் தலைமாட்டில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் தங்கம்மாள் இருந்தாள். மருமகள் வந்து நின்ற விதத்தைப் பார்த்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நாற்காலியைப் பெட்டிக்கு இன்னும் பக்கத்தில் நகர்த்திப் போட்டாள்.

செம்மொழி உட்கார்ந்தாள். மூடியின் மேல் பனி படிந்திருந்தது. முந்தானையால் துடைத்தாள். அவன் முகம் தெரிந்தது. அதன்மேல் கூடத்து டியூப்லைட்டும் தெரிந்தது.

“பாய்” என்று கூப்பிட்டாள். அஜீஸ் கிட்டே வந்தார்.

“இந்த மூடியக் கழட்டச் சொல்லுங்க. கண்ணாடியில வெளிச்சம் அடிக்கும்.”

“எதுக்கும்மா?”

அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். நிமிர்ந்து, அவர் தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள்.

“எங்க ரெண்டு பேரையும் சேத்து ஒரு படம் எடுங்க.”