சகலைகளின் வாசற்படி

சலூன்காரரும் தையல்காரரும் சகலைகள்; கடைகளும் பக்கத்துப் பக்கத்தில். ஒரு மழையில் கடைக்குள் தண்ணீர் புகுந்ததும், சலூன்காரர் வாசற்படியை ஒரு சாண் உயர்த்திக் கட்டினார். அடுத்த மழையில் அத்தனை தண்ணீரும் தையல் கடைக்குள் போனது. தையல்காரர் சும்மா இருப்பாரா? ஒரு முழம் உயர்த்தினார். சலூன்காரர் அதற்கும் மேலே போனார். வாடிக்கையாளர்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள்.

மறுபடி மழை பெய்தபோது தண்ணீர் பின்வாசல் வழியாக இரண்டு கடைக்குள்ளும் வந்தது. உயரமான படிகள் அதை வெளியே விடவில்லை. இரண்டு கடையும் தொட்டியாகிவிட்டன.

"சாக்கடை மேலயே படியைக் கட்டினா தண்ணி எங்கங்க போகும்?" என்று அவர்களின் மனைவிகளான அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு கடப்பாரையை நீட்டினார்கள்.

சகலைகள் இருவரும் படிகளை உடைத்து, அடைபட்ட சாக்கடையைத் தோண்டினார்கள்.

"பூரா உங்க கடை முடிதான், சகலை!" என்றார் தையல்காரர்.

"அது எதைச் சுத்தியிருக்குன்னு பாருங்க. உங்க வெட்டுத்துணி!"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாறி மாறி அள்ளியதும் தண்ணீர் குபுகுபுவென்று இறங்கியது.

எதிரே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த செருப்புக் கடைக்காரர் தன் வாசற்படியை ஒருமுறை குனிந்து பார்த்தார். "அந்தக் கடப்பாரையைக் கொஞ்சம் குடுங்க," என்றார்.